நூறு பேர் இல்லாத பள்ளிக்கும் ஓவிய வகுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலைத் திருவிழாக் காலம் வந்தால் பரிசு வாங்கிய பிள்ளைகளின் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய இந்தத் திருவிழாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பரிசு வாங்கும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு, முப்பது பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் உள்ள தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் விடை கிடையாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

இதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். கலைக்கல்விக்குத் தனியாக ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அதே அட்டவணை சொல்கிறது. ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதுவும் பிள்ளைகள் நூறு பேருக்கு மேல் இருந்தால் மட்டும். தமிழகத்தில் 2012இல் நியமிக்கப்பட்ட ஓவியம், இசை, தையல், உடற்கல்விப் பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை பார்ப்பதும் இந்தக் கணக்கில்தான். ஈராசிரியர் பள்ளி எந்தப் பட்டியலிலும் வராது. அங்கே கலை என்பது ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் முன்பு ஒரு சினிமாப் பாட்டு, போட்டிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு சார்ட் அட்டை என்று முடிந்துவிடுகிறது.

விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிறப்பாசிரியர் இல்லாமலேயே, இருக்கிற இரண்டு பேர் வாரம் ஒரு நாள் உருப்படியான கலை வகுப்பு நடத்தலாம். தடுப்பது பெரும்பாலும் பொருள்களும் நேரமும் தவறாக அமைந்திருப்பதுதான்.

நேரத்தை முதலில் பார்ப்போம். கால அட்டவணையில் கலைக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை ஒதுக்குவது வழக்கம். அதைவிட மோசமான நேரம் இல்லை. நாற்பது நிமிடத்தில் பொருள் எடுத்து வைக்கப் பத்து நிமிடம், கழுவப் பதினைந்து நிமிடம் போய்விடும். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். கிண்ணங்களைக் கழுவுவது ஆசிரியர் தலையில் விழும். அடுத்த மாதம் வகுப்பே நின்றுபோகும். செவ்வாய் அல்லது புதன், மதியச் சாப்பாடு முடிந்ததும் வரும் முதல் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து எண்பது நிமிடமாக எடுத்துக்கொள்வது நல்லது. கடைசிப் பாடவேளை நடக்கும்போது படங்கள் காய்ந்துவிடும். வீட்டுக்குப் போகுமுன் சுவரில் மாட்டலாம். இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் பயிற்சிக்காக வட்டார வள மையத்துக்குப் போவது அடிக்கடி நடக்கும். அன்று ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்காரும். ஒரே ஆசிரியரால் நடத்த முடியாத கலை வகுப்பு ஈராசிரியர் பள்ளிக்குப் பொருந்தாது.

அதனால் முப்பது பேரை ஐந்து ஐந்து பேராக, வகுப்புக்கு ஒருவர் வீதம் கலந்து, ஆறு வட்டமாகத் தரையில் உட்கார வைக்கலாம். பெரிய பிள்ளை தண்ணீர் கொண்டுவரலாம், வண்ணம் கலந்து தரலாம். சின்னப் பிள்ளையின் தாளில் கை வைக்கக் கூடாது. இந்த ஒரு விதியைக் கண்டிப்பாக வைக்காவிட்டால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் படம் முழுவதும் ஐந்தாம் வகுப்பு அக்கா வரைந்ததாக இருக்கும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு பென்சிலும் ரப்பரும் தரவே வேண்டாம். சிறிய தாளும் கூரிய பென்சிலும் கொடுத்தால் தாளின் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் உருவம் வரைந்து, அதையும் மூன்று முறை அழிப்பார்கள். பாதி சார்ட்டும் தடித்த கிரேயானோ அடுப்புக்கரியோ கொடுத்தால் தோள் வரை கை அசைத்து வரைவார்கள். செலவைக் குறைக்க மாத நாட்காட்டித் தாள்களைச் சேர்க்கலாம். அச்சடித்த பக்கம் வழவழப்பாக இருந்தாலும் பின்பக்கம் பெரும்பாலும் வண்ணத்தைப் பிடிக்கும். ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாள் நீர் பட்டதும் அலை அலையாகச் சுருளும். அதைக் கரிக்கும் கிரேயானுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

என்ன வரைவது? இங்கேதான் பெரிய நோய். இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், கீழே ஒரு ஆறு, ஓட்டு வீடு, ஒரு தென்னை. விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிக்கரையில், பனைமரங்களுக்கு நடுவே இருக்கிற ஊரில்கூட இதே படம்தான். கரும்பலகையில் அதை வரைந்து காட்டுவதால் வருகிறது அது. அச்சடித்த கோட்டுப்படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்வதும் இதே வகைதான். கை பழகும், கண் பழகாது. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு பொருளை வைத்துவிட்டாலே பாதி நோய் தீரும். பனங்கொட்டை, முறம், ஒரு பக்கம் நசுங்கிய செம்பு, முருங்கைக்கொத்து என எதுவானாலும் சரி. முதல் மூன்று நிமிடம் தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்துக் கோடு இழுக்க வேண்டும். பிறகு வேறு தாளில் பார்த்து வரையலாம். ஐந்து பேரும் ஐந்து பக்கமிருந்து பார்ப்பதால் ஐந்து படமும் வேறுவேறாக வரும், பக்கத்துத் தாளைப் பார்த்து வரைவதற்கு வழி இருக்காது.

வண்ணத்துக்குக் கடைப்புட்டி மட்டுமே வழி என்றில்லை. மஞ்சள்தூள், செங்காவி, அரைத்த அடுப்புக்கரி, வெள்ளைக்குச் சாக்பீஸ் தூள் ஆகிய நான்கும் போதும். பொடியைத் தாளில் பிடித்து வைக்கப் பிசின் வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கருவேலம் பிசின் 50 கிராமை 150 மில்லி வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துத் துணியில் வடிகட்டினால் முப்பது பேருக்கு ஒரு வகுப்புக்கு வரும். பொடியை முதலில் சிறிது தண்ணீரில் குழைத்து, பிறகு பிசின் சேர்க்க வேண்டும். நேராகப் பிசினில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். காய்ந்த பிறகு விரலால் தேய்த்துப் பார்க்கவும். விரலில் வண்ணம் ஒட்டினால் பிசின் போதவில்லை. பளபளத்து வெடித்தால் பிசின் அதிகம். மீந்ததை எடுத்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் நாறும், பூஞ்சை பிடிக்கும். அன்றன்றைக்குக் கரைப்பதே நல்லது.

வெள்ளைக்குச் சுண்ணாம்பு எடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் ஆபத்து. என்ன சாயம் கலந்தது என்று தெரியாத கலர்க்கோலப்பொடியையும் தவிர்க்கலாம். மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை: காரம் பட்டால் அது சிவக்கும். சீருடையில் பட்ட மஞ்சளுக்குச் சோப்புப் போட்டதும் சட்டை சிவந்துபோய், மறுநாள் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். நன்றாக அலசி வெயிலில் காயவைத்தால் மஞ்சள் வெளுத்துவிடும். அப்பாவின் பழைய சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. மஞ்சள் வெயிலில் வெளுக்கும், செங்காவி வெளுக்காது. செங்காவியின் நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருகிறது. இதே மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளில் செந்நிறத்தில் வரைந்த உருவங்கள் இன்றும் தெரிவதற்கு அதுதான் காரணம். ஐந்தாம் வகுப்புக்கு அறிவியலும் வரலாறும் ஒரே கிண்ணத்தில் கிடைக்கிற இடம் இது.

சிறு சங்கதிகள் இரண்டு. தண்ணீருக்குக் கொட்டாங்கச்சி நல்ல கிண்ணம், ஆனால் உருளும். பழந்துணியைச் சும்மாடாகச் சுற்றி அதன்மேல் வைத்தால் நிற்கும். தூரிகையைத் தண்ணீரிலேயே நிற்க விட்டால் மயிர் வளையும், கட்டை ஊறி உப்பித் தகரப் பட்டை கழன்றுவிடும். எட்டாம் எண் உருண்டைத் தூரிகை பதினைந்து இருந்தால் இரண்டு பேருக்கு ஒன்றாகப் போதும்.

மண் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆசிரியர்கள் ஒரு முறை செய்துவிட்டுக் கைவிடுவதும் அதைத்தான். செய்த பொம்மையெல்லாம் மறுநாள் வெடித்துக் கிடக்கும், அதனால். வெடிப்பதற்குக் காரணங்கள் தெளிவானவை. ஏரியிலிருந்து அள்ளி வந்த மண்ணை அப்படியே பிசைந்தால் அதில் வேரும் கல்லும் இருக்கும். மண்ணைக் காயவைத்து, இடித்து, கொசுவலையில் சலித்து, ஒரு நாள் ஊறவைக்க வேண்டும். வெறும் களிமண் காயும்போது அதிகமாகச் சுருங்கும். நான்கைந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சன்ன மணல் கலந்தால் சுருக்கம் குறையும். பிறகு கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைய வேண்டும். விரல் தடிமனுக்கு ஒரு திரி உருட்டி வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் பதம் சரி.

ஒரு பிள்ளைக்கு அரைக் கிலோ, முப்பது பேருக்கு 15 கிலோ பிசைந்த மண் வேண்டும். பள்ளியே ஏரியில் போய் வெட்டுவதைவிட, அனுமதியோடு மண் எடுத்துப் பக்குவப்படுத்தி வைத்திருக்கும் குயவரிடம் விலைக்கு வாங்குவது எல்லா வகையிலும் நல்லது. அவருடைய மண்ணில் மணல் அளவும் சரியாக இருக்கும்; அவருக்கும் நாலு காசு கிடைக்கும்.

வகுப்பில் பிள்ளைகள் செய்யும் தவறு, கையை ஓயாமல் தண்ணீரில் நனைத்துத் தடவுவது. மேல்தோல் வழவழப்பாகும், காய்ந்ததும் அந்தத் தோல்தான் முதலில் பிளக்கும். வட்டத்துக்கு ஒரு சின்ன மூடித் தண்ணீருக்கு மேல் தர வேண்டாம். அடுத்த தவறு ஒட்டுவதில். குதிரைக்குக் காலை அப்படியே அழுத்தி ஒட்டினால் காய்ந்ததும் கால் தனி, உடல் தனி. இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மண்குழம்பு தடவி, அழுத்தி, மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய திரி வைத்துத் தேய்க்க வேண்டும். மூன்றாவது தடிமன். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் கெட்டியாக இருக்கும் இடத்தில் உள்ஈரம் வெளியே வராது. சூளையில் வைத்தால் நீராவியாகி வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். பெரிய உருவத்தைத் திரி சுற்றி உள்ளே குழிவாகச் செய்து, அடியில் ஒரு துளை விடவேண்டும். ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாரின் மண்குதிரைகளும் உள்ளே கூடுதான். குயவரை ஒரு மதியம் வரவழைத்தால் இதைத் தட்டிக் காட்டியே விளக்கிவிடுவார்.

காயவைப்பதில் அவசரம் கூடாது. முதல் நாள் ஈரச்சாக்குப் போட்டு மூடி, பிறகு நிழலில் ஐந்து முதல் ஏழு நாள். வெயிலில் வைத்தால் மேல்புறம் சுருங்கி உட்புறம் ஈரமாக நின்று வெடிக்கும். எல்லாவற்றையும் சூளைக்கு அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு மிச்சத்தை வாளியில் ஊறப்போட்டால் அடுத்த வாரத்துக்கு மண் தயார். கை கழுவ மூன்று வாளிகள் வரிசையாக வையுங்கள். முதல் வாளிச் சேற்று நீரைச் செடிக்கு ஊற்றவும். தொட்டியில் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும், அதோடு மண் வகுப்புக்குத் தலைமையாசிரியர் முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்.

கோலத்தை ஓவிய வகுப்பில் சேர்க்கப் பலருக்கும் தோன்றுவதில்லை. அது பெண்பிள்ளைகளின் மார்கழி வேலை என்ற எண்ணம். பையன்களும் போட வேண்டும். நேர்ப்புள்ளியில் நடு வரிசை 7, இரு பக்கமும் இரண்டிரண்டாகக் குறைந்து 1 வரை என்றால் 25 புள்ளிகள். ஊடுபுள்ளியில் நடு வரிசை 7, இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 4 வரை என்றால் 37. எண்ணிப் பார்க்காமல் கூட்டிச் சொல்லச் சொல்லலாம். இடைவெளி ஒழுங்காக இல்லாததால்தான் கோடு எங்கோ போய் முட்டுகிறது. 6 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைத் தரையில் நீட்டி முடிச்சுக்கு ஒரு புள்ளி வைத்தால் சரியாகும். ஊடுபுள்ளிக்குக் கயிற்றை அடுத்த வரிசையில் 3 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சிக்குக் கோலத்தில் ஓரத்தில் திரும்பும் இடத்தில்தான் பிள்ளைகள் திசை தவறுவார்கள். அந்த வளைவை மட்டும் பலகையில் தனியாகப் பழக்கலாம். கை வந்தபின் மாக்கோலம். பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து நைய அரைத்து, துணித்துண்டை நனைத்து விரல் வழியே விட வேண்டும். போட்டவுடன் மங்கலாகத்தான் தெரியும், காயக் காய வெளுக்கும். தெரியவில்லை என்று மேலும் மேலும் ஊற்றிக் கெடுப்பதுதான் வழக்கமான தவறு.

அடுத்தது கூத்து. வட மாவட்டங்களின் சொத்து தெருக்கூத்து. அதைப் பள்ளிக்குள் கொண்டுவருவது என்றால் பாரதக் கதையை முழுக்க நடிக்க வைப்பது என்று பொருளல்ல. கூத்தில் பாத்திரம் திரைக்குப் பின்னால் வந்து நின்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேள்வி கேட்பான். இந்தத் துண்டு மட்டும் போதும். இரண்டு பிள்ளைகள் ஒரு வேட்டியைப் பிடிக்க, மூன்றாவது பிள்ளை தான் செய்த முகமூடியோடு வந்து நான்கு வரி தானே கட்டிச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பாடத்தில் வாய் திறக்காத பிள்ளைகள் முகமூடிக்குப் பின்னால் பேசிவிடுவார்கள்.

முகமூடிக்குப் பலூனின் மேல் செய்தித்தாள் கீற்று ஒட்டலாம். பசைக்கு 100 கிராம் மைதாவை முக்கால் லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சவும். சுவரொட்டிப் பசையில் போடும் மயில்துத்தத்தைப் பிள்ளைகள் தொடும் பசையில் சேர்க்கவே கூடாது, அது நஞ்சு. தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் மெலிந்து நன்றாகப் படியும். இரண்டு அடுக்கு ஒட்டிக் காயவைத்து, மறுநாள் இன்னும் இரண்டு. நான்கையும் ஒரே நாளில் ஒட்டினால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பூக்கும்.

கூத்துக் கலைஞரை அழைப்பதற்கும் காலம் பார்க்க வேண்டும். பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள். இரவெல்லாம் ஆடியவரைக் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வரச் சொல்வது நியாயமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அழைத்தால் அவருக்கு வேலை குறைவான நாள்கள். கூத்தில் ஊதும் குழலான முகவீணையை அருகில் வைத்துக் கேட்ட பிள்ளைகள் இன்று எத்தனை பேர்? வந்தவருக்குப் பொன்னாடையும் சான்றிதழும் கொடுத்து அனுப்பும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு வருகைக்குக் குறைந்தது 1,000 ரூபாயும் பயணச் செலவும் தர வேண்டும்.

பறை சொல்லிக் கொடுக்கும் பள்ளிகள் கூடிவருவது மகிழ்ச்சி. ஆனால் பறையை எடுக்க எந்தப் பிள்ளைகளை நிறுத்துகிறோம் என்பதில் ஊர் சாதி நுழைந்துவிடும். பறையை அடிக்கும் சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒவ்வொரு கையாக மாறட்டும். வேண்டாம் என்று எந்த வீட்டிலிருந்து ஆள் வந்தாலும் வரிசை மாறக் கூடாது.

வெளியே கூட்டிப்போக வாய்ப்பிருந்தால் தொலைவுக்குப் போக வேண்டாம். இதே மாவட்டத்துப் பனமலையில், ராஜசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், குடையின் கீழ் ஒசிந்து நிற்கும் தேவியின் ஓவியம் இருக்கிறது, 8ஆம் நூற்றாண்டு. முப்பது பேரையும் மொத்தமாக நிறுத்தி வரலாறு சொன்னால் ஐந்து நிமிடத்தில் கவனம் சிதறும். ஒரு வட்டத்துக்குக் குடை, இன்னொன்றுக்கு மகுடம், இன்னொன்றுக்கு மடித்த கால் என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்து வரையச் சொல்லுங்கள். சுவரைத் தொடக் கூடாது, பிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது என்பதை மலை ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி பணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய், 100 வரை 25,000. அதில்தான் சாக்பீஸ், துடைப்பம், பழுது, துப்புரவு எல்லாம். மேலே சொன்ன கருவேலம் பிசின், தூரிகை, சார்ட், மண், மைதா எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்குள் அடங்கும். கலைஞர்களுக்கு நான்கு வருகைக்கு, பயணச் செலவு நீங்கலாக, 4,000. ஆக, ஒரு சிறு பள்ளிக்கு 6,000 ரூபாய் தனித் தலைப்பில் வேண்டும். தனித் தலைப்பு இல்லையென்றால் அது துடைப்பத்துக்கே போகும்.

கல்வித் துறையிடம் மூன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டுத் திட்டம் தயாராகும்போது அறுபதுக்குக் குறைந்த தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த 6,000 ரூபாயைச் சேர்க்க வேண்டும். பக்கத்து நடுநிலைப் பள்ளியில் மூன்று அரை நாள் வேலை பார்க்கும் ஓவிய ஆசிரியருக்கு, விருப்பமிருந்தால், அருகிலுள்ள இரண்டு சிறு பள்ளிகளில் வாரம் பள்ளிக்கு ஓர் அரை நாள், அதற்குரிய ஊதியத்தோடு கொடுக்க வேண்டும். ஊதியமில்லாக் கூடுதல் பொறுப்பாக அல்ல. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறுவள மைய அளவில், அதாவது அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சில சேர்ந்த தொகுப்பில், ஓவியப் போட்டிக்குப் பதில் எல்லாப் பிள்ளைகளின் வேலையும் இடம்பெறும் ஒரு நாள் காட்சி வைக்க வேண்டும். முதல் பரிசு ஒன்றுதான் என்றால் ஆசிரியர் ஒரு பிள்ளைக்குத்தான் பழக்குவார்.

நேரத்தை மாற்றுவதற்கு அரசாணை எதுவும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே, புதன் மதியம் எண்பது நிமிடம் என்று தீர்மானம் எழுதிவிடலாம். கோலம் போடத் தெரிந்த தாய்மார்கள் அந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்.